வண்டி சொல்லும் குறை: வன்னி வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கும், மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்கும், பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்கும் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருவோர் பலர். நானும் அவர்களில் ஒருவன். வெளிக்கள வேலை என்பதால் கார்பெற் வீதி, கிறவல் வீதி, குளக்கட்டு, வயல் ஒழுங்கை என்று ஒரே நாளில் நான்கு விதமான தரையில் ஒரே வண்டியை ஓட்டவேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டு ஓட்டத்தில் விளங்கிக்கொண்ட ஒன்று உண்டு. வண்டி எச்சரிக்காமல் ஆளைக் கவிழ்ப்பது குறைவு. பல நாள்களுக்கு முன்பே கைக்கும் காலுக்கும் காதுக்கும் அது எதையோ சொல்லிவிடுகிறது, நாம்தான் "இந்த வண்டி இப்பிடித்தான்" என்று பழகிப்போகிறோம். பிறேக் தாமதமாகப் பிடித்தால் சற்று முன்கூட்டியே அழுத்தப் பழகுகிறோம்; கைபிடி இடப்பக்கம் இழுத்தால் வலக்கையை இறுக்கப் பழகுகிறோம். ஒருமுறை பின்சில்லின் ஆட்டத்தைக் காட்டி, நேற்றிலிருந்து இப்படி இருக்கிறது என்று வழக்கமாகத் திருத்தும் தம்பியிடம் சொன்னேன். அவர் சில்லைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, உது பழுதாகி மூண்டு மாதம். உங்களுக்குத்தான் நேற்றுத் தெரிஞ்சது" என்றார்.

ஆகவே கீழே உள்ளவை உறுப்புவாரியாக அல்லாமல், ஓட்டும்போது நாம் உணரும் அறிகுறிவாரியாகவே எழுதப்பட்டுள்ளன. எந்த அறிகுறிக்கும் காரணம் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: வண்டி, சுமை, வீதி, ஓட்டுபவர். எது என்று பிரித்தறிய, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். சுமையை இறக்கிவிட்டு அதே வீதியில் ஓட்டிப் பார்த்து, ஆட்டம் நின்றால் கராஜுக்குப் போகும் தேவை இல்லை; நிற்காவிட்டால் அதே வண்டியை நல்ல கார்பெற் துண்டொன்றில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு, மூன்றை ஒருசேர மாற்றுபவருக்குக் கடைசிவரை காரணம் பிடிபடாது.

பிறேக் பிடி கைபிடிவரை வந்துவிடுகிறது

முன்சில்லில் டிஸ்க் பிறேக் உள்ள வண்டியானால், நின்ற நிலையில் பிடியை நாலைந்து தரம் அடுத்தடுத்து அழுத்திப் பாருங்கள். அழுத்த அழுத்த இறுகி வந்தால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம், அல்லது டிஸ்க்கை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் பாட் தேய்ந்திருக்கலாம். இறுகிய பிடியை அரை நிமிடம் அப்படியே அழுத்தி வைத்திருக்கும்போது அது மெல்ல மெல்ல உள்ளே இறங்குமானால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று பொருள். அந்த வண்டியைக் கராஜுக்கும் ஓட்டிச் செல்லாமல் ஏற்றிச் செல்வதே தக்கது. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புதிதாக ஊற்றும்போது இளந்தேன் நிறத்தில் இருப்பது, வெறுந்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் அதன் காலம் முடிந்துவிட்டது. நிறம் மாறாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஈரம் ஏறிய ஒயில், பிறேக்கைத் தொடர்ந்து பிடித்துச் சூடேறும்போது கொதித்துக் குமிழி கட்டும். அப்போது பிடி பஞ்சை அழுத்துவது போலப் பதிந்துபோகும்.

ட்ரம் பிறேக் ஆனால், சில்லின் பக்கத்தில் உள்ள பிறேக் நெம்பின் அடியைப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே ஒரு சிறு அம்புக்குறியும் அதற்கெதிரே ஒரு கோடும் இருக்கும். பிறேக்கை முழுதாக அழுத்தும்போது அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால், ட்ரம்மின் உட்புறத்தில் உரசிச் சில்லை நிறுத்தும் ஷூ தேய்ந்து முடிந்துவிட்டது. இவ்வளவு எளிய அடையாளம் இருந்தும், நட்டை இறுக்கி இறுக்கியே ஓட்டி, கடைசியில் ட்ரம்மையே சுரண்டிக்கொண்டு வருபவர்களே அதிகம். நட்டை இறுக்குவது கம்பியின் தளர்வைத்தான் எடுக்கும், ஷூவைத் தடிப்பாக்காது.

வெள்ளம் கடந்த பின் பிறேக் பிடிக்கவில்லை

மாரியில் குளங்கள் வான் பாயத் தொடங்கினால் வன்னியில் பாதி வீதிகள் ஆற்றுக்குக் குறுக்கே போவதாகிவிடும். நந்திக்கடல் நீர் கடலுக்குப் போகும் வாயிலில் தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் கட்டப்பட்ட பழைய வட்டுவாகல் பாலத்தில் அந்த நாள்களில் நீர் ஏறிப் பாய்வதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒரு கார்த்திகை மாதத்தில், கணுக்காலளவு நீர் ஓடிய ஒரு போக்கை நான் பிழையின்றிக் கடந்து, கடந்துவிட்டேன் என்ற நிம்மதியில் வேகமெடுத்தேன். இருநூறு மீற்றர் தாண்டியதும் வீதியோரத்திலிருந்து ஒரு கன்று குறுக்கே வந்தது. காலால் பிறேக்கை மிதித்தேன். மிதி இறங்கியது, வண்டியோ எதையும் கேளாததுபோல் போய்க்கொண்டே இருந்தது. ட்ரம்முக்குள் புகுந்த நீர் ஷூவுக்கும் உலோகத்துக்கும் நடுவில் எண்ணெய்போல் நின்றிருக்கிறது. கன்று துள்ளி ஓடியதால் தப்பினேன். என் திறமை அதில் எதுவுமில்லை.

நீர் கடந்ததும் செய்யவேண்டியது சிறிய வேலைதான். பின்னால் எவரும் வரவில்லை என்று பார்த்து, முதல் அல்லது இரண்டாம் கியரில் மெதுவாக ஓட்டியபடியே இரண்டு பிறேக்கையும் இலேசாகப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். உரசலின் சூட்டில் நீர் காய்ந்து, பிறேக் 'கடிப்பது' காலில் தெரியும்வரை வேகமெடுக்கக் கூடாது. டிஸ்க் பிறேக் விரைவில் காய்ந்துவிடும். ட்ரம் சற்று நேரமெடுக்கும்.

கடக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை கண்டிப்பானது. நீர் ஓடிக்கொண்டிருந்து, வீதியின் ஓரம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் மோட்டார் சைக்கிளில் கடக்கக் கூடாது. தேங்கிய நீரும் ஓடும் நீரும் ஒன்றல்ல. சில்லின் பாதியளவு உயரத்தில் ஓடும் நீர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளப் போதுமானது, அடியில் வீதி அரித்துப்போயிருப்பதும் மேலிருந்து தெரியாது. 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் விடிவதற்குள் நீர் ஏறிய விதத்தைப் பார்த்த எவரும், "நேற்றும் இதிலேதானே போனோம்" என்ற நியாயத்தை நம்பமாட்டார்கள்.

பிறேக் போட்டதும் பின்பக்கம் விலகி ஓடுகிறது

இங்கே பெரும்பாலும் குற்றவாளி காலே. எமது ஊர்களில் சைக்கிள் ஓட்டியபின் மோட்டார் சைக்கிளுக்கு வந்த பலர் முன்பிறேக்கைத் தொடவே அஞ்சுகிறார்கள். "முன் பிறேக் பிடிச்சா குத்துக்கரணம்" என்பது சிறுவயதில் கேட்ட பாடம். நல்ல தார் வீதியில் வண்டியை நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன்சில்லிலிருந்தே வருகிறது, ஏனென்றால் பிறேக் போடும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பாரம் குறைந்த பின்சில்லை மட்டும் அழுத்தினால் அது சுழல்வதை நிறுத்திவிட்டுத் தேய்ந்தபடி பக்கவாட்டில் வரும். முன்பிறேக்கை வெடுக்கென்று இழுக்காமல், இரண்டு விரலால் தொடங்கி இறுக்கிக்கொண்டு போகப் பழக வேண்டும். ஆளில்லாத விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஒரு மாலை பழகினாலே போதும்.

கிறவலில் கணக்கு மாறும். உருளும் கல்லின் மேல் முன்சில்லும் வழுக்கும் என்பதால், இரண்டையும் இலேசாகப் பிடித்து, வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடிக்க வேண்டும். வளைந்தபடி பிறேக் தொடுவது கிறவலில் விழுவதற்கு மிகக் குறுக்கான வழி. பின்சில்லு பூட்டிக்கொண்டது தெரிந்தால், வண்டி நேராக இருக்கும்போதே காலை மெல்லத் தளர்த்துங்கள்.

கிறவலைப் போலவே நடந்துகொள்ளும் இன்னொன்று நெல். காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களில் வீதியில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொள்கிறோம். நானும் விவசாயி மகன், வேறு களம் இல்லாதவரின் நிலை எனக்குத் தெரியும். ஆனால் நெல்மணிமேல் ஏறிய சில்லு குண்டுமணிமேல் ஏறியதுபோல் பிடியிழக்கும் என்பதும் தெரியும். நெல்லைவிட எனக்கு அச்சம் தருவது, நெல்லைச் சுற்றி அரணாக வைத்த கற்கள். பின்னேரம் நெல்லை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் கல்லை விட்டுவிட்டுப் போகிறார்கள். இரவில் அது முன்சில்லுக்காகக் காத்திருக்கிறது.

கைபிடி ஆடுகிறது, அல்லது ஒருபக்கம் இழுக்கிறது

முதலில் பின்னால் என்ன கட்டியிருக்கிறது என்று பாருங்கள். அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், மீன்பெட்டி, பால்கான் என எதுவாயினும் பின்சில்லின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் பாரம், துலாவைப்போல முன்பக்கத்தைத் தூக்கிவிடும். பாரம் குறைந்த முன்சில்லு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் படபடக்கும். மூட்டையை இருக்கையின் மேல் உடம்போடு ஒட்டி வைத்தாலே பல 'பழுதுகள்' நீங்கிவிடும்.

சுமை இல்லாமலும் ஆடினால், வண்டியை நடு ஸ்ராண்டில் ஏற்றி, ஒருவர் பின்பக்கத்தை அழுத்த, முன்சில்லைத் தரையிலிருந்து தூக்குங்கள். கைபிடியை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒற்றை விரலால் மெல்லத் திருப்பும்போது, சரி நடுவில் ஒரு சிறு குழிக்குள் விழுவதுபோலத் தடக்கினால் கைபிடித் தண்டின் பெயாரிங் தேய்ந்துவிட்டது. முன்கால்கள் இரண்டையும் அடியில் பிடித்து முன்பின்னாக அசைக்கும்போது 'டக்' என்று ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. பிறகு சில்லைச் சுழலவிட்டு, றிம்முக்கருகே ஒரு ஈர்க்கைப் பிடித்துப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் றிம் கோணியிருக்கிறது. கம்பிச் சில்லானால் சிறு ஸ்பனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீரென்னும், தளர்ந்தது செத்த ஒலி தரும். உட்புற வீதிகளின் பள்ளங்களில் தினமும் இறங்கி ஏறும் வண்டிக்கு இந்தச் சோதனை மாதம் ஒருமுறையாவது தேவை.

ஒருபக்கம் மட்டும் இழுப்பதற்கு, செயினை இறுக்கியபோது இடப்புறமும் வலப்புறமும் சமனாக இழுக்காதது அடிக்கடி காரணமாகிறது. பின்அச்சின் இரு முனையிலும் உள்ள கோடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கைபிடி அடித்துக்கொள்ளத் தொடங்கினால் பிறேக்கைத் தொடாதீர்கள், கைபிடியுடன் மல்லுக்கட்டாதீர்கள். முழங்கால்களால் ராங்கியை இறுக அணைத்து, கைகளைத் தளர்வாக வைத்தபடி, அக்சிலேற்றரைப் படிப்படியாகக் குறைத்தால் வேகம் இறங்க இறங்க ஆட்டமும் அடங்கும்.

வண்டியில் எந்தக் குறையும் இல்லாதபோது இழுப்பது காற்று. வைகாசி தொடங்கி வீசும் சோளகம் ஆனையிறவு வெளியிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் தடையின்றி அடிக்கும். ஆனையிறவில் வடக்கு நோக்கிப் போகையில் அது இடப்புறத்திலிருந்து வந்து வீதியின் நடுவுக்குத் தள்ளும். தெற்கு நோக்கி வரும்போது ஆபத்து வேறு விதமானது: வலப்புறக் காற்றுக்கு எதிராக நாம் வலப்பக்கம் சாய்ந்தபடியே ஓட்டுகிறோம், எதிரே ஒரு பஸ் வந்து அந்தக் காற்றை ஒரு கணம் மறைக்கிறது, சாய்ந்திருந்த வண்டி அந்தப் பஸ்ஸை நோக்கியே போகிறது. பெரிய வாகனம் எதிரே தெரிந்தவுடன் வேகத்தைக் குறைத்து இடப்புற ஓரத்தை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

பின்பக்கம் பாம்புபோல் நெளிகிறது

பின் ரயரிலிருந்து காற்றுப் போய்க்கொண்டிருக்கிறது. ரியூப் உள்ள ரயரில் உடைமுள்ளோ ஆணியோ ஏறினால் காற்று விரைவாக இறங்கும். பின்பிறேக்கை அழுத்தாமல், நேராகப் பிடித்தபடி, அக்சிலேற்றரை விட்டு ஓரம் கட்டுங்கள். முன்சில்லானால் முன்பிறேக்கைத் தொடக்கூடாது.

ரயர் பூ, அதாவது தரையைப் பிடிக்கும் வெட்டு, தேய்வதைப் பலர் கவனிக்கிறார்கள். வயதை எவரும் கவனிப்பதில்லை. ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. எமது வெயிலில் நின்று காய்ந்த ரயர், பூ நிறைய இருந்தாலும் வெடிப்பு விட்டு விறைத்துப்போயிருக்கும். ஐப்பசியின் முதல் மழையில், வீதியில் மாதக்கணக்காகப் படிந்த ஒயிலும் புழுதியும் சேர்ந்து குழம்பாகும் அந்த அரைமணி நேரத்தில், அப்படிப்பட்ட ரயர் எதையும் பிடிக்காது.

செயின் கத்துகிறது

கத்துவதை விடக் கத்தி ஓய்வதுதான் எனக்குக் கவலை தருவது. காய்ந்த செயின் புழுதியில் கிறீச்சிடும், தளர்ந்த செயின் மூடியில் அடித்துச் சடசடக்கும். பிறகு ஒருநாள் பற்சில்லிலிருந்து கழன்று பின்சில்லைப் பூட்டிவிடும். செயினின் நடுப்பகுதியை மேலும் கீழும் அசைக்கும்போது ஏறத்தாழ ஓர் அங்குலம் ஆடவேண்டும். அதற்கு மேல் தளர்ந்தாலும் பிழை, அசையாமல் இறுகியிருந்தாலும் பிழை. பற்சில்லின் பற்கள் சுறாச் செட்டைபோல் ஒருபக்கம் வளைந்து கூராகியிருந்தால் செயினை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

இரவில் பார்வை போதவில்லை

கண் வைத்தியரிடம் போகுமுன் ஹெட்லைற்றின் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். செம்புழுதியும் பூச்சியும் அப்பிய கண்ணாடி வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடும். பழைய வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைற் பற்றரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சின் சுழல்வதைப் பொறுத்தே எரியும். பள்ளத்துக்காக வேகம் குறைத்தவுடன், எப்போது வெளிச்சம் மிகத் தேவையோ அப்போது அது மங்கும். அந்த வண்டிகளில் ஒரு கியர் குறைத்து எஞ்சினைச் சற்று உயர்ந்த சுழற்சியில் வைத்திருப்பதே வழி. பின்னால் மூட்டை ஏற்றினால் வெளிச்சம் வீதியை விட்டுப் பாலைமர உச்சிக்கு ஏறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவை சரியாக இருந்தும் போதவில்லை என்றால் வேகமே கூடியிருக்கிறது. சிறு மோட்டார் சைக்கிளின் சாதாரண பல்ப் தாழ்ந்த ஒளியில் தெளிவாகக் காட்டுவது ஏறத்தாழ 30 முதல் 40 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் 17 மீற்றர் போய்விடுகிறோம். கண்டதை மனம் விளங்கிக் கை பிறேக்குக்குப் போகும் முன் அந்தத் தூரம் கழிந்துவிடும், காய்ந்த நல்ல வீதியில் நிற்பதற்கு அதன்மேல் இன்னும் 23 மீற்றர் அளவில் வேண்டும். அதாவது வெளிச்சத்தின் விளிம்பில் கண்ட ஒன்றின் முன்னால் மயிரிழையில் நிற்கலாம், ஈரமானாலோ கிறவலானாலோ நிற்கவே முடியாது. 40இல் போனால் மொத்தமே இருபத்திரண்டு மீற்றருக்குள் அடங்கும்.

வெளிச்சத்தின் விளிம்பில் என்ன இருக்கும் என்பது வன்னியில் ஊகிக்க முடியாததல்ல. கட்டாக்காலி மாடுகள், பகல் சூடு ஆறாத தார் வீதியில் இரவில் படுத்துக்கொள்ளும். கறுத்த மாடும் கறுத்த வீதியும் ஒன்றாகவே தெரியும். பின்லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி வைக்கோலுடன் ஊர்ந்து போகும். எதிரே வரும் டிப்பரின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது இவை இரண்டும் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். அப்போது டிப்பரின் வெளிச்சத்தைப் பார்க்காமல் இடப்புற வெள்ளைக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறைத்தபடி போக வேண்டும். பெட்டி வைத்திருப்பவர்கள் பின்புறத்தில் ஒளிதெறிக்கும் தாளை ஒட்டினால் எத்தனையோ பேர் வீடு போய்ச் சேர்வார்கள், அதன் விலையும் பெரிதல்ல.

யானை இவை எல்லாவற்றிலும் வேறானது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடுப் பக்கத்துக் காட்டு வீதிகளில் தாழ்ந்த ஒளியில் முதலில் தெரிவது தூண்கள் போன்ற கால்களே. கண்டவுடன் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹோண் அடிக்க வேண்டாம், வெளிச்சத்தை ஏற்றி இறக்கவும் வேண்டாம். எஞ்சினை நிறுத்தாமல், வண்டியைத் திருப்பி வந்த வழியே போய், அது வீதியைக் கடக்கும்வரை காத்திருங்கள். ஒன்று கடந்தால் பின்னால் குட்டியோ கூட்டமோ வரக்கூடும். தப்புவதற்காகக் காட்டுக்குள் இறங்கி ஓடாதீர்கள், யானையின் வேகம் அங்கே எம்முடையதைவிடப் பெரிது. சில பகுதிகளில் மிதிவெடி எச்சரிக்கும் சிவப்புப் பலகைகள் இன்னமும் நிற்பது அதற்குமேல் ஒரு காரணம்.

எதிரே வருபவர் என்னைக் காண்பதில்லை

ஏ9 வீதி தெற்கு வடக்காகப் போவதால் காலை, மாலை வெயில் பக்கவாட்டில் விழும். பரந்தனிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் முல்லைத்தீவுக்குப் போகும் வீதிகளோ கிழக்கு நோக்கியவை. காலையில் முல்லைத்தீவுக்குப் போய் மாலையில் திரும்புபவருக்கு இரு தடவையும் சூரியன் முகத்தில். அவர் கண் கூசுகிறது என்று அறிவார், மெதுவாகவும் போவார். எதிர்த்திசையில் போய்வருபவருக்கு இரு தடவையும் சூரியன் முதுகில். வீதி பளிச்சென்று தெரிவதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எண்ணுவார். அவரே கூடுதல் ஆபத்தில் இருக்கிறார், ஏனென்றால் எதிரே முந்திக்கொண்டு வரும் வாகனத்தின் சாரதிக்கு அவர் சூரியனுக்குள் இருக்கிறார். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீளமாக விழுந்தால், எதிரே வருபவர் உங்களைக் காணவில்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். பகலிலும் ஹெட்லைற்றைப் போடுவதும், கடும் நிறச் சட்டையைத் தவிர்ப்பதும் உதவும்.

ஹெல்மெட் ஆடுகிறது

ஹெல்மெட்டை அணிந்து பட்டியைப் பூட்டியபின், இரு கையாலும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கன்னத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பின்புறத்திலிருந்து மேலே தள்ளும்போது அது கழன்று முன்னால் வந்தால் அது தொப்பி. ஹெல்மெட் பயன்பாட்டைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பாய்வு, அது இறப்பை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைப்பதாகக் கண்டது. அந்தப் பயன் பட்டியைப் பூட்டிய தலைக்கே. பொலிஸ் நிற்கும் சந்திக்கு முன்னால் தலையில் கவிழ்த்து, தாண்டியதும் கண்ணாடியில் மாட்டுபவருக்கு அதில் பங்கில்லை. பின்னால் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அளவான ஹெல்மெட் வேறு வேண்டும். மாலையில் குளக்கரை வீதிகளில் கண்ணில் பூச்சி அடித்து வண்டியோடு விழுந்தவர்களை அறிந்திருப்பதால், முகக் கண்ணாடி கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடவும் சொல்வேன்.

கண் சொருகுகிறது

ஓமந்தை தாண்டிய பின் வீதி அகலமாகவும் நேராகவும் கிடக்கிறது. வெயிலும் எஞ்சின் ஒலியும் சேர்ந்து தாலாட்டும். கடந்த இரண்டு கிலோமீற்றரில் எதைக் கண்டீர்கள் என்று நினைவுக்கு வராவிட்டால் நீங்கள் ஏற்கெனவே தூங்கத் தொடங்கிவிட்டீர்கள். ஹெல்மெட் முகக் கண்ணாடியைத் திறந்து காற்று வாங்குவது, பாட்டுப் பாடுவது எதுவும் உதவாது. நிழலில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, கால்மணி நேரம் கண்ணை மூடுங்கள். விரல் மரத்துப்போனால் கைபிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது அதிர்வு மிகுந்த வீதி; இறங்கிக் கை உதறுங்கள்.

வண்டி எடுத்தவுடன் இடப்பக்கம் திரும்பும்போது அடியில் உரசுகிறது

சைட் ஸ்ராண்ட் மடக்கப்படவில்லை. அடுத்த கூர்வளைவில் அது தரையில் ஊன்றி ஆளைத் தூக்கி எறியும். கியர் போடுமுன் இடக்குதியால் ஒருமுறை தட்டிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். அதேநேரத்தில் பின்னால் ஒருபக்கமாக இருப்பவரின் சேலைத் தலைப்பையும், பிள்ளையின் பாதம் கம்பிகளுக்குள் போகாமல் இருக்கிறதா என்பதையும் திரும்பிப் பாருங்கள்.

தண்டவாளத்தில் சில்லு வழுக்குகிறது

கடவைகள் பலவற்றில் தண்டவாளம் வீதியைச் சாய்வாக வெட்டுகிறது. ஈரத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கும் சில்லு அதனோடு ஓடிவிடும். இயன்றவரை செங்குத்தாகக் கடந்து, அதன்மேல் பிறேக்கைத் தொடாமல் இருங்கள். வழுக்குவதைவிடப் பெரிய ஆபத்து புகையிரதமே. வவுனியாவுக்கு வடக்கே 1990இல் நின்றுபோன புகையிரதம், கட்டம் கட்டமாக நீண்டு 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. இடையில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தண்டவாளம் என்றால் நின்று பார்க்க வேண்டும் என்ற பழக்கமே ஊன்றவில்லை. ஏ9இலிருந்து ஒழுங்கைக்குத் திரும்பிய சில மீற்றரிலேயே கடவை வந்துவிடும். ஹெல்மெட்டும் எஞ்சினும் ஒலியை மறைப்பதால் காதை நம்பாமல், நிறுத்தி இருபுறமும் கண்ணால் பாருங்கள்.

விழுந்து எழுந்த பின்

எழ முடிந்தது என்பதால் காயமில்லை என்று முடிவுசெய்ய வேண்டாம். தலை சுற்றல், வாந்தி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, வயிறு விறைப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். இடத்தைச் சொல்லும்போது வீதியின் பெயருடன் அருகிலுள்ள மைல்கல், பாடசாலை, கோயில் எதையேனும் சேர்த்துச் சொல்லுங்கள். விழுந்தவர் அசையாமல் கிடந்தால், மூச்சு தடைப்பட்டிருந்தாலொழிய ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் பருக்காதீர்கள். ஓட்டோவுக்குள் மடக்கி ஏற்றும் எமது அவசர இரக்கம் பலருடைய கழுத்தெலும்புக்குத் தீங்காகியிருக்கிறது. குருதி பாய்ந்தால் துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். சைலன்சரில் பட்டுச் சுட்ட காலுக்கு ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுவதே மருந்து; பற்பசை பூசக் கூடாது.

வண்டியில் பெற்றோல் ஒழுகுகிறதா, பிறேக் பிடிகள் வளைந்துள்ளனவா, கைபிடி நேராக இருக்கும்போது முன்சில்லும் நேராக நிற்கிறதா என்று பார்த்த பின்னரே ஓட்டுங்கள். ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால் வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், அடியைத் தாங்கும் உள் நுரை ஒருமுறை நசுங்கினால் மீளாது. அதை மாற்றும்போது பழையதின் பட்டியை வெட்டிவிட்டு எறியுங்கள். முழுதாக வைத்தால் அது விறாந்தையில் ஓர் ஆணியில் தொங்கும், ஒருநாள் அவசரத்தில் கடைக்குப் போகும் பிள்ளை அதைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டு போகும்.